மூக்கடைப்பும் அதன் பரிகாரமும்

(தில்லியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சளி பிடித்தால் மூக்கடைப்பதும், ஒரு வாரத்தில் அது தானே விடுவதும் யாவரும் அறிந்தவை. அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. மாதக்கணக்கில் விடாத அடைப்பைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகிறேன். நம் காலனியில் நடந்த ஒரு நிகழ்ச்சியோடு தொடங்குகிறேன்.

தஞ்சையிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம் ஒன்றில் ஏழு வயதுச் சிறுவன் இருந்தான். 'கவனம் இல்லை, சொல்வது விளங்குவதில்லை' என்று பள்ளியிலிருந்து குறிப்பு வந்தது. இந்தி தெரியாத குறை என்று கருதிய தந்தையார், மாலைதோறும் வீட்டிற்கு ஆசிரியரை வரவழைத்தார். ஓராண்டு கழிந்தும் பயன் இல்லை. பொங்கல் விழாவன்று இதே மண்டபத்தில் அவன் வாயைத் திறந்தவாறே அமர்ந்திருந்தான். பின்னாலிருந்து அவன் பாட்டியார் மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தார், அவன் திரும்பவில்லை. பாட்டியார் அழைத்தது இந்தியில் அன்று, தமிழில்!

குறை மொழியில் இல்லை, மூக்கில் இருந்தது. மூக்கின் பின்புறத்தில் அடினாய்டு என்னும் சதை குழந்தைகளுக்கு உண்டு. அது மிகப் பருத்தால் மூச்சு வழி அடைபடும். நடுச்செவிக்குச் செல்லும் குழாயும் அடைபட்டு, உள்ளே நீர் தேங்கிச் செவி மந்தமாகும். அச்சிறுவனுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்று நன்றாகக் கேட்கிறான், படிக்கிறான். எல்லாக் குழந்தைகளுக்கும் அறுவை வேண்டுவதில்லை. வயது ஏற இச்சதை சுருங்கிவிடும். ஆனால் குறட்டை விடும் குழந்தையை, எப்போதும் வாயால் மூச்சு விடும் குழந்தையை, மந்தம் என்று முடிவு கட்டுமுன் அதன் மூக்கையும் செவியையும் காட்டுங்கள்.

இனிப் பெரியவர்களைப் பார்ப்போம். ஒரு நாசி சற்று அடைத்தும் மற்றொன்று திறந்தும் சில மணி நேரத்திற்கு ஒரு முறை மாறுவது இயற்கை. இடகலை, பிங்கலை என்று நம் யோக நூல்கள் பேசும் இம்மாற்றத்தை ஜெர்மானிய மருத்துவர் கைஸர் 1895-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அது நோயன்று. ஓயாத அடைப்பே நோய்.

அதற்குக் காரணங்கள் பல. நடுத்தண்டு வளைந்திருக்கலாம், உள்ளே சதை வளர்ந்திருக்கலாம், சைனஸ் அறைகளில் அழற்சி இருக்கலாம். மிகுதியாகக் காண்பது ஒவ்வாமையே. குளிர் தொடங்கியதும் பெட்டியிலிருந்து எடுக்கும் ரஜாயில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் வாழ்கின்றன. இந்நகரத்து ரிட்ஜ் குன்றுகளில் மண்டிய விலாயதி கீக்கரின் மகரந்தமும் பகையே. அது வேறு மரமன்று. நம் ஊர்ச் சீமைக் கருவேலந்தான்!

மருந்துக் கடையில் வாங்கும் சொட்டு மருந்தைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க இயலாது. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் முதலியவை இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் மூக்கைத் திறக்கும். ஆனால் நாள்தோறும் இட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் முன்னிலும் அதிகமாக வீங்கும், மீண்டும் மருந்து, மீண்டும் வீக்கம். தலையணையின்கீழ்க் குப்பி இல்லாமல் உறங்காதவர் பலரை நான் கண்டிருக்கிறேன். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள், அதற்குமேல் வேண்டாம். தைலம் குளிர்ச்சி உணர்வைத் தருமேயன்றி, அடைப்பை உண்மையில் திறப்பதில்லை.

பின் செய்யத்தக்கது யாது? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒன்பது கிராம், அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து மூக்கைக் கழுவலாம். கொதிக்க வைக்காத குழாய் நீர் கூடாது. அதிலிருந்து அரிதாகக் கொடிய அமீபா நோய் வருவதுண்டு. படுக்கை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவையுங்கள். ரஜாயை வெயிலில் காயவிடுங்கள். மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே உடனே பயன் தராது. ஓரிரு வாரம் தவறாமல் இட்டால்தான் பலன் தெரியும். 'இரண்டு நாளில் விடவில்லை' என்று நிறுத்துவோரே ஏமாறுகின்றனர். வளைந்த தண்டுக்கும், மருந்துக்கு அடங்காத சதைக்கும் அறுவை உண்டு.

ஒரு பக்கம் மட்டும் விடாமல் அடைத்து இரத்தம் கசிந்தால் தாமதிக்க வேண்டாம். சிறு குழந்தையின் ஒரு நாசியில் மட்டும் துர்நாற்றத்தோடு நீர் வடிந்தால், உள்ளே மணியோ புளியங்கொட்டையோ சிக்கியிருக்கலாம். நீங்களே எடுக்க முயலாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

அன்பர்களே! பிறந்த மண்ணை விட்டு வந்த நம் குழந்தைகள் இரண்டு மூன்று மொழிகளைக் கற்க வேண்டியவர்கள். அவர்கள் கற்பார்கள், அதில் ஐயமில்லை. முதலில் அம்மொழிகள் அவர்கள் செவியில் விழ வழி செய்வோம்.