இலை பழுக்கும் வேளை

பழுத்த இலையைக் கண்டால், அதன் காரியம் முடிந்தது என்றே எண்ணுகிறோம். ஆனால் அப்போதுதான் அது தன் புரதங்களைச் சிதைத்து, அவற்றின் நைட்ரஜனை விதைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இம்முதுமையைச் சைட்டோகைனின் என்னும் ஹார்மோன் தள்ளிப்போடும்; எதிலீன் விரைவுபடுத்தும். எதிலீன் பெருகினால், இடைவிடாது அழிக்கப்பட்டுவரும் ‘ஈ.ஐ.என்.3’ என்ற புரதம் அழியாமல் நிலைத்து, முதுமைக்குரிய ஜீன்களை இயக்கிவிடுகிறது.

இலை நெடுநாள் பசுமையாக இருந்தால் நல்லதுதானே என்று மாணவ நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2006இல் வெளியான ஆய்வொன்றில், கோதுமையில் முதுமையைத் தூண்டும் ‘நாம்’ வகை ஜீன்களை அடக்கினார்கள். முதுமை 3 வாரங்களுக்கு மேல் தள்ளிப்போயிற்று. தானியத்திலோ புரதம், இரும்பு, துத்தநாகம் ஆகியவை 30 சதவீதத்துக்கும் அதிகமாகக் குறைந்தன. காட்டுக் கோதுமையில் செயற்படும் அவ்வகை ஜீன் ஒன்று, இன்று பயிராகும் பெரும்பாலான கோதுமைகளில் செயலற்றே கிடக்கிறது.