நாசரேத்தில் ஒரு பட்டறை

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 14ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. நற்செய்தி: மாற்கு 6:1-6)



இன்றைய நற்செய்தியில் இயேசு தம் சொந்த ஊருக்கு வருகிறார். ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் கற்பிக்கிறார். கேட்டவர்கள் முதலில் வியக்கிறார்கள். அடுத்த நிமிடமே முணுமுணுக்கிறார்கள். நமக்குத் தெரிந்த தச்சர்தானே, இவருக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்கிறார்கள். அவருடைய தொழில் தெரியும், தாய் தெரியும், உறவுக்காரர்கள் தெரியும். தெரிந்தவர் என்பதாலேயே அவரை ஏற்றுக்கொள்ள அவர்களால் முடியவில்லை.

இந்த முணுமுணுப்பு இன்றும் நம் ஊர்களில் கேட்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ பல ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு கணவனும் மனைவியும் அதை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு ஊருக்கு வந்து, கடைத்தெருவில் ஒரு வீட்டுச் சாமான் கடை திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக்குப் பிறகு இப்படித் திரும்பி வந்தவர்கள் உண்டு. ஊர் என்ன பேசும்? "அங்கே பிழைக்க முடியலை, வந்துட்டாங்க." "இவ்வளவு படிச்சது குடமும் வாளியும் விக்கிறதுக்கா?" நகரத்துக்குப் போனால் ஏற்றம், ஊருக்குத் திரும்பினால் இறக்கம் என்று நாம் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

கடவுளின் கணக்கு வேறு. நாசரேத்திலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தொலைவில் செப்போரி என்ற நகரம் இருந்தது. ஏரோது அந்திப்பா அதைப் புதிதாகக் கட்டி எழுப்பினான். பணமும் பதவியும் அங்கே இருந்தன. ஒன்றரை மணி நேரம் நடந்தால் போய்விடலாம். ஆனால், நான்கு நற்செய்திகளில் ஒன்றில்கூட அந்த நகரத்தின் பெயர் வரவில்லை. பழைய ஏற்பாட்டில் எங்குமே சொல்லப்படாத நாசரேத்தைத்தான் இறைமகன் தமக்கு ஊராகக் கொண்டார். நத்தனியேல் இளக்காரமாகக் கேட்ட அந்த ஊரின் பெயர்தான் ஆண்டவரின் சிலுவைக்கு மேலே எழுதப்பட்டது.

அந்த ஊரில் அவர் என்ன செய்தார்? ஏர்க் கலப்பைகளும் நுகத்தடிகளும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைச்சாட்சி புனித ஜஸ்டின் எழுதியிருக்கிறார். பணி தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்கிறார் லூக்கா. உலகை மீட்க வந்தவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு சிற்றூரில், அக்கம்பக்கத்து மக்களுக்குத் தேவையான பொருள்களைச் செய்து கொடுப்பதில் கழித்தார். அந்த ஆண்டுகளை வீணான ஆண்டுகள் என்று சொல்ல நமக்குத் துணிவு உண்டா?

திருத்தூதர் பணிகள் நூலிலும் ஒரு தம்பதியைப் பார்க்கிறோம்: அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும். யூதர்கள் உரோமையை விட்டு வெளியேற வேண்டும் என்று பேரரசர் கிளவுதியு கட்டளையிட்டதால், தலைநகரை விட்டுக் கொரிந்துக்கு வந்தவர்கள் இவர்கள். அங்கே கூடாரம் செய்யும் தொழிலைத் தொடர்ந்தார்கள். அதே தொழில் தெரிந்த பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்தார். பிற்பாடு அவர்கள் வீட்டில் சபை கூடியதைப் பவுலே தம் திருமுகத்தில் குறிப்பிடுகிறார். இழப்போடு ஊர் மாறி வந்தவர்களின் வீடு, திருச்சபை கூடும் இடமாயிற்று.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சிறிய ஊருக்கு வந்துவிட்டால் மட்டும் யாரும் நல்லவராகிவிடுவதில்லை. இரண்டு கல்லுக்கு இடையில் முளை இறுகிக்கொள்வதுபோல, விற்பதற்கும் வாங்குவதற்கும் இடையில் பாவம் புகுந்துகொள்ளும் என்று சீராக்கின் ஞானம் எச்சரிக்கிறது. பையில் பெரியதும் சிறியதுமாக இரண்டு எடைக்கற்கள் வைத்திருக்கக் கூடாது என்கிறது இணைச்சட்ட நூல். பாத்திரக் கடைக்காரருக்கு இது நன்றாகப் புரியும். பழைய பித்தளைக் குடத்தை ஒரு பாட்டி கொண்டுவரும்போது ஓர் எடை, புதிய பாத்திரத்தை நிறுத்துக் கொடுக்கும்போது வேறோர் எடை என்றால், அதைத்தான் ஆண்டவர் அருவருக்கிறார். மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வரும் ஏழைத் தாயிடம், "பத்துப் பாத்திரம் குறைச்சா ஊர் என்ன சொல்லும்?" என்று சொல்லிக் கடனை ஏற்றி விடுவதும் பாவமே. "குக்கர் நல்லாத்தாம்மா இருக்கு, ரப்பரை மட்டும் மாத்துங்க, போதும்" என்று சொல்லி அனுப்புகிற கடைக்காரர் அன்று ஒரு வியாபாரத்தை இழக்கலாம். ஆனால், நாசரேத்துப் பட்டறைக்காரர் அவரைத் தம் தோழர் என்று அழைப்பார்.

கடையின் இந்தப் பக்கம் நிற்கும் நமக்கும் கேள்வி உண்டு. கையில் காசு இருக்கும்போது நகரத்துப் பெரிய கடைக்கோ கைப்பேசி வியாபாரத்துக்கோ போய்விட்டு, காசில்லாத நாளில் மட்டும், "நம்ம பங்கு ஆள்தானே, கணக்குல எழுதிக்குங்க" என்று உள்ளூர்க் கடைக்கு வருவது நீதியா? வாங்கிய கடனைக் கொடுக்காமல், கடைக்காரரைக் கண்டதும் அடுத்த தெரு வழியாகக் கோயிலுக்குப் போவது நீதியா? அவர் கேட்கக் கூச்சப்படுகிறார். ஆனால், மொத்த வியாபாரி அவரிடம் கூச்சப்படாமல் கேட்பார். அன்பைத் தவிர வேறு எந்தக் கடனும் இருக்கக் கூடாது என்று உரோமையருக்கு எழுதிய பவுல், நமக்கும் சேர்த்தே எழுதினார்.

நற்செய்தியின் கடைசி வரிகளைக் கவனிப்போம். நாசரேத்தில் உடல் நலமற்ற சிலர்மேல் கைகளை வைத்துக் குணமாக்கியதைத் தவிர, வேறு வல்ல செயல் எதையும் இயேசுவால் அங்கே செய்ய முடியவில்லை. அவர்களுடைய நம்பிக்கையின்மையைக் கண்டு அவரே வியப்புற்றார். ஓர் ஊரின் ஏளனம் இறைமகனின் கைகளையே தடுத்தது என்றால், கடன் வாங்கிக் கடை திறந்த ஓர் இளம் குடும்பத்தை என்ன செய்யாது? கடையின் கதவை முதலில் இழுத்துச் சாத்துவது பெரும்பாலும் நம்முடைய பேச்சுதான்.

எனவே, இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். ஊரில் எந்தக் கடையிலாவது நம் பெயரில் பாக்கி இருந்தால், முழுவதும் முடியாவிட்டாலும் ஒரு பகுதியையாவது கொண்டுபோய்க் கொடுப்போம். திரும்பி வந்த குடும்பம் எதுவென்று பார்த்து, அன்பியக் கூட்டத்துக்கு அவர்களை அழைப்போம். அவர்கள் ஏன் வந்தார்கள் என்று பிள்ளைகள் முன்னால் பேசுவதை நிறுத்துவோம். கடை நடத்துகிறவர்களே, நீங்கள் காலையில் தராசைத் துடைக்கும்போது சிலுவை அடையாளம் இட்டுத் தொடங்குங்கள்.

நாசரேத்தில் உழைத்த ஆண்டவரே, எங்கள் ஊரின் கடைகளில் நேர்மையும், எங்கள் நாவில் கனிவும் தாரும். தொழிலாளரான புனித யோசேப்பே, புதிதாய்த் தொடங்கும் குடும்பங்களுக்காக மன்றாடும். ஆமென்.