மலையிலும் மலசலகூடம் வேண்டும்



அலவத்துகொடையில் நாம் கூடும்போதெல்லாம் சம்பளம் பற்றிப் பேசுகிறோம். இன்று வயிற்றைப் பற்றியும் பேசுவோம். வகுப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்டால், "காலையில ரொட்டியும் சாயத்தண்ணியும் சேர்" என்கிறார்கள்.

கோதுமை மாவில் நார்ச்சத்து குறைவு. தினமும் அதையே உண்டால் மலச்சிக்கல் வரும். 2022 நெருக்கடியில் மா விலை பல மடங்கு ஏறியபோது நம் வீடுகளில் குரக்கன், மரவள்ளி, பலாக்காய் எல்லாம் திரும்பி வந்தன. அன்று வேறு வழியில்லாமல் உண்டோம். இனி விரும்பியே உண்போம். லயத்துக்குப் பின்னால் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் நடுவோம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் பொறுப்போம்.

ஆனால் குற்றம் முழுவதும் நம் அடுப்பில் இல்லை. கொழுந்தெடுக்கும் மலையில் மலசலகூடம் இல்லாததால், நம் பெண்கள் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள். தண்ணீர் குடிக்காவிட்டால் குரக்கன் தின்றும் மலச்சிக்கல் தீராது.

வீட்டுச் சாப்பாட்டை நாம் பார்த்துக்கொள்வோம். மலையில் மலசலகூடமும் குடிநீரும் நிர்வாகம் தர வேண்டும். சம்பளக் கோரிக்கைக்கு அடுத்த வரியில் இதையும் எழுதுவோம்.