தன்னையும் சேர்த்து எண்ணுகிற ஆசிரியர்

(ஏலாக்குறிச்சியில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் பலர் பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்கிறவர்கள். நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். 'எனது கல்வித் தத்துவம்' என்று உங்களை ஓர் ஒப்படைப்பு எழுதச் சொல்வதுண்டு. நான்கு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். அதே தத்துவத்தோடு நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும்போதுதான் உண்மையான தேர்வு. அந்தத் தேர்வைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

அதற்கு இந்த ஊரே பொருத்தமான இடம். கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்ற பெயரும் உண்டு. இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் இங்கே தங்கி, உபதேசியார்களைப் பயிற்றுவித்தார். அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 'வேதியரொழுக்கம்' எழுதினார். ஊர் ஊராகப் போய்க் கற்பிக்கிறவர்களுக்கான கையேடு அது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆசிரியப் பயிற்சி என்ற எண்ணம் இந்த மண்ணில் இருந்திருக்கிறது. அதே நேரத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் பணியாற்றிய மதுரை மிஷன், 17ஆம் நூற்றாண்டிலேயே உயர்சாதியாருக்குப் பிராமண சன்னியாசிகள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று குருமார்களையே பிரித்து வைத்திருந்தது. போதிக்க வந்தவர்களும் சாதிக்குத் தக்கபடி தங்களை வகுத்துக்கொண்டார்கள்.

அவர் எழுதிய 'பரமார்த்த குருவின் கதை' 1822இல் லண்டனில் அச்சானது. குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிற கதை உங்களுக்குத் தெரியும். அக்கரை சேர்ந்ததும் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்து பேர்தான் தேறுகிறார்கள். இன்னொருவன் எண்ணினாலும் அதே ஐந்து. ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுகிறார்கள். சிறுவயதில் கேட்டு நாம் சிரித்த கதை. ஆனால் நம் பள்ளிகளில் தினமும் நடப்பது இந்தக் கணக்குதான். "என் வகுப்பில் சாதியே கிடையாது" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். தாங்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தோம், யார் வீட்டில் தண்ணீர் குடிப்போம், யாருடைய பெயரைக் கூப்பிடும்போது நம் குரல் மாறுகிறது என்பதை எண்ணுவதில்லை. ஆசிரியர் தன்னையும் சேர்த்து எண்ணத் தொடங்குவதே கல்வித் தத்துவத்தின் முதல் வரி என்று நாங்கள் கருதுகிறோம்.

இது தலித் சமூகத்திலிருந்து ஆசிரியராக வருகிறவர்களுக்கும் பொருந்தும். நம் வேலை ஒளிந்துகொள்வது அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் பள்ளி நாட்களைச் சொல்கிறார். உடன் படிப்பவர்களோடு பழகினால் சாதி தெரிந்துவிடுமே என்று அஞ்சி, வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போயிருக்கிறார். வட்டமேசை மாநாடு வரை போன தலைவரின் பள்ளிப் பருவம் அப்படி. இன்றும் ஏதோ ஒரு பள்ளியின் மதிலோரம் அப்படி ஒரு பிள்ளை மணிக்காகக் காத்திருக்கலாம். அந்தப் பிள்ளை மணிக்கு முன்பே உள்ளே வர விரும்புகிற வகுப்பறையை உண்டாக்குவதுதான் ஆசிரியரின் வேலை.

பள்ளிக்கூட ஆசிரியராக வேலையைத் தொடங்கிய எம்.சி. ராஜா பாடநூல்களும் எழுதினார். சட்டமன்றத்துக்குப் போனதும், இழிவாகச் சொல்லப்பட்ட பெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசு ஆவணங்களில் கொண்டுவர 1922இல் தீர்மானம் வரக் காரணமானார். ஒரு பிள்ளையைப் பதிவேட்டில் எந்தப் பெயரால் எழுதுகிறோம் என்பதன் எடையை அறிந்த ஆசிரியர் அவர்.

பி.எட். பாடத்தில் ஜான் டூயியைப் படிக்கிறீர்கள். கொலம்பியாவில் அவரிடம் படித்த அண்ணலையும் சேர்த்துப் படியுங்கள். 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் தன் ஆசிரியருக்கு நன்றியோடு கடன்பட்டிருப்பதை அவர் சொல்கிறார். சேர்ந்து வாழும் வாழ்க்கையே ஜனநாயகம் என்று டூயி கற்பித்தது, வகுப்பிலேயே தனியாகக் கோணியில் உட்கார வைக்கப்பட்ட ஒருவரின் கைக்கு வந்தபோது சாதிக்கு எதிரான ஆயுதமாகிவிட்டது.

இனி நடைமுறைக்கு வருவோம். நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் நீக்கம், அகர வரிசைப்படி இருக்கை எனப் பல பரிந்துரைகள் அதில் உண்டு. அரசாணைக்காகக் காத்திராமல் ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் நாளையே செய்யக்கூடியவை இருக்கின்றன. இருக்கையை மாற்றிவிடலாம். உதவித்தொகைப் படிவம் கொடுக்க "எஸ்.சி. பிள்ளைகள் எழுந்திருங்கள்" என்று சொல்லாமல், ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கொடுக்கலாம். கூட்டுகிற வேலையும் தண்ணீர் எடுக்கிற வேலையும் யார் தலையில் விழுகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள். கழிப்பறை கழுவத் தலித் பிள்ளைகளை அனுப்பியதாக ஈரோடு மாவட்டத்தில் ஒரு தலைமையாசிரியர் கைதானது 2022இல்தான். ஒரு பிள்ளை நான்கு நாள் வரவில்லை என்றால் 'ஆப்சென்ட்' போடுவதோடு நிற்காமல் சேரிக்குப் போங்கள். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். அதைவிடப் பெரிய பெற்றோர் கூட்டம் வேறில்லை.

இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்கிற பேச்சை ஆசிரியர் அறையில் நீங்கள் கேட்பீர்கள். நம் அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளாகப் பிறந்த அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தார். அவருக்குப் படிப்பு ஏறியது. கதவு மட்டும்தான் திறக்கவில்லை. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். எங்கே கதவு அடைத்திருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதும், அதைத் திறக்கச் சொல்லிப் போராடுவதும் ஆசிரியப் பணியில் சேர்ந்ததே.

அம்பேத்கரின் மூன்று கட்டளைகளைத் தமிழில் நாம் முழங்கும்போது முதல் சொல் 'கல்' என்று வருவதில்லை. 'கற்பி' என்றுதான் வருகிறது. படித்து முடித்தவர்கள் அத்தோடு ஒதுங்கிவிடாமல் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அதற்குப் பிறகுதான் ஒன்றுசேர், புரட்சி செய் என்பவை வருகின்றன. ஒப்படைப்பில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். வேலைக்குப் போன முதல் நாள் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது மட்டும், பெயர்ப் பட்டியலின் மேலே உங்களையும் ஒருவராக எண்ணிக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.