வேட்டைக்கு முன் ஆயுதம் தெரிதல்

(சங்கத்து மாதாந்தக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விளையாட்டைப் பற்றியது. அதுவும் மைதானத்தில் ஓடியாடும் விளையாட்டன்று. திரைக்கு முன்னே அமர்ந்து ஆடுவது. "இதற்கும் ஒரு பேச்சா?" எனப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். பிள்ளைகள் மணிக்கணக்காக எதிலே மூழ்கியிருக்கின்றார்கள் என்பதை அறியாமல் அதனைக் கண்டிப்பது முறையாகாது. தாம் ஆடுவதைப் பற்றிச் சிறிதும் சிந்தியாமல் இளைஞர் அதிலே மூழ்குவதும் முறையாகாது. ஆதலின் இரு சாராருக்கும் பொதுவாகச் சில கூற விரும்புகின்றோம்.

யப்பான் நாட்டு ஒசாக்கா நகரிலுள்ள கப்கொம் நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் 'மொன்ஸ்ரர் ஹன்ரர்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. பெருவிலங்குகளை வேட்டையாடுபவன் என்பது அப்பெயரின் பொருள். சில காலத்தின் பின் அது கையடக்கக் கருவிகளுக்கும் வந்தது. யப்பானிய மாணவர்கள் நால்வர் நால்வராக ஓரிடத்திற் கூடியிருந்து அதனை ஆடத் தொடங்கினர். 2018 சனவரியில் வெளிவந்த 'மொன்ஸ்ரர் ஹன்ரர்: வேள்ட்' உலகெங்கும் பரவி, 2 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. 2019 இல் 'ஐஸ்போண்' என்னும் பெயரில் அதற்கு ஒரு விரிவு வந்தது. 2021 இல் 'ரைஸ்', 2025 இல் 'வைல்ட்ஸ்' என்பன தொடர்ந்து வந்தன. பலரும் அறிந்த 'வேள்ட்' விளையாட்டையே இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அறியாதவர் பொருட்டு ஆட்டத்தின் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். தனித்தோ, நால்வர் வரை சேர்ந்தோ காட்டுக்குட் செல்லலாம். குறித்த நேரத்துக்குள், பெரும்பாலும் 50 நிமிடத்துக்குள், ஒரு பெருவிலங்கை வீழ்த்தவேண்டும். அல்லது பொறிவைத்து மயக்கிப் பிடிக்கவேண்டும். அவ்விலங்கின் செதில், எலும்பு, கொம்பு ஆகியவற்றைக் கொண்டுவந்து கொல்லனிடங் கொடுத்து ஆயுதமும் கவசமுஞ் செய்துகொள்ளலாம். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வேறு பல விளையாட்டுக்களில், ஆடுந்தோறும் புள்ளிகள் சேர்ந்து வீரனின் உடல்வலி தானே பெருகும். இதில் அப்படியில்லை. வேட்டைக்காரனின் தரத்தைக் காட்டும் எண் ஏறினாலும் அவனுடைய வலி ஏறாது. வளர்வன இரண்டே: அவன் அணியுங் கருவிகள் ஒன்று; ஆடுபவரின் கையும் கண்ணும் மற்றொன்று. ஆகவே கருவியைத் தெரியுங் கல்வி இவ்விளையாட்டிற் பாதிக் கல்வியாகும்.

ஆயுதங்கள் 14 வகைப்படும். பெருவாள், நெடுவாள், வாளுங் கேடயமும், இரட்டைக் கத்தி, சம்மட்டி, வேட்டைக் கொம்பு, ஈட்டி, வெடியீட்டி, உருமாறுங் கோடரி, வாளுங் கோடரியுமாய் இயங்கும் ஆயுதம், வண்டை ஏவும் நீள்கோல், இலகுவானதும் கனமானதுமாகிய இரு துவக்குகள், வில் என்பன அவை. தொடக்கத்திலேயே ஒவ்வொரு வகையிலும் ஒன்று பெட்டிக்குள் இருக்கின்றது. ஆடிப்பார்ப்பதற்குப் பயிற்சிக் களமும் உண்டு.

"இவற்றுள் எது சிறந்தது?" என்பதே புதிதாக வருவோர் கேட்கும் முதற்கேள்வி. அதற்கு விடை கூறுதல் அரிது. "எனக்கு எது இசையும்?" என்று கேட்டால் விடை கூறலாம். பெருவாள் மெதுவானது, ஓங்கிய கையோடு மூன்று படி வலுவேற்றித் தக்க கணத்தில் இறக்கவேண்டும், பொறுமையுள்ளவருக்கு ஏற்றது. இரட்டைக் கத்தி விரைந்து வெட்டும்; ஆனால் மூச்சை விரைவிற் குடித்துவிடும். ஈட்டிக்காரன் விலகி ஓடுவதில்லை. கேடயத்தால் ஏற்று நின்ற இடத்திலிருந்தே குத்துவான். வாளுங் கேடயமும் ஏந்தியவன் வாளை உறையிலிடாமலே மருந்தருந்தலாம், பொறி வைக்கலாம்; தொடக்கத்தவருக்கு இது பெரிய வசதி. வாள் கோடரியாய் மாறும் ஆயுதத்துக்கோ, வாளாக வெட்டிச் சேர்த்த வலுவைக் குப்பிகளில் நிரப்பிக் கோடரியாக வெளிவிடும் பல படிமுறைகள் உண்டு. கற்கச் சில நாட்கள் வேண்டும். ஒன்றைத் தெரிந்தவர் ஐந்தாறு வேட்டைக்காவது அதனை மாற்றாது ஆடிப்பார்த்தல் நன்று. நாளுக்கொன்றாக மாற்றுபவர் பதினான்கையுந் தொட்டிருப்பார், ஒன்றையும் அறிந்திரார்.

ஆயுதத்தின்மேல் எழுதியுள்ள எண்ணைக் கண்டு மயங்குதல் அடுத்த தடை. 'வேள்ட்' விளையாட்டில் ஒரு சம்மட்டிக்கு 520 என்றும், ஓர் இரட்டைக் கத்திக்கு 140 என்றும் தாக்குவலி காட்டப்படும். சம்மட்டி நான்கு மடங்கு வலியதென்று எவரும் எண்ணுவர். உண்மையில் இரண்டின் அடிப்படை வலியும் 100 தான். சம்மட்டியின் எண் 5.2 ஆலும், இரட்டைக் கத்தியின் எண் 1.4 ஆலும் பெருக்கிக் காட்டப்படுகின்றன. ஓரடிக்குச் சம்மட்டி பெரிது. அது ஓரடி அடிப்பதற்குள் கத்தி பலமுறை வெட்டிவிடும். ஒரே வகைக்குள் எண்ணை ஒப்பிடலாம். வகை மாறினால் அந்த ஒப்பீடு பயன்படாது.

எண்ணிலும் பார்க்கக் கவனிக்கத்தக்கது கூர்மை. அது நிறத்தாற் காட்டப்படும். மஞ்சள் நிறத்தில் ஆயுதத்தின் வலி உள்ளபடி இருக்கும், நீலத்தில் 1.2 மடங்காகும், சிவப்புக்கு இறங்கினாற் பாதியாகிவிடும். வல்லிய தோலின்மேல் மழுங்கிய வாள் பட்டுத் தெறிக்கும்போது வேட்டைக்காரன் நிலைதளர்ந்து அடிபடுவான். ஆகவே விலங்கு ஓரிடம் விட்டு வேறிடம் ஓடும் இடைவெளியிற் சாணைக்கல்லை எடுத்துத் தீட்டுபவனே தேர்ந்தவன்.

இனிப் பூதவலி. தீ, நீர், மின்னல், பனி, யாளி என ஐந்து வலிகள் ஆயுதங்களில் அமைவதுண்டு. அஞ்சநாத் என்னும் தீயுமிழும் பெருவிலங்கு நீருக்கு அஞ்சும். கதையின் ஒழுங்கைப் பார்த்தால், அதற்குச் சற்று முன்பே ஜூரத்தோடஸ் என்னுஞ் சேற்றுமீனை வேட்டையாடவேண்டியிருக்கும். அம்மீனின் உறுப்புக்களாற் செய்யும் ஆயுதங்கள் நீர்வலி உடையவை. விளையாட்டை அமைத்தவர்கள் விடையை முன்னே வைத்துவிட்டே வினாவைப் பின்னே வைத்திருக்கின்றார்கள். அவசரப்படாதவன் அதனைக் கண்டுகொள்வான்.

கவசத்துக்கு வருவோம். தலை, மார்பு, கை, இடை, கால் என ஐந்து உறுப்புக்கு ஐந்து துண்டுகள். கவசத்தின் காப்பெண் 80 ஆனால் வருகின்ற அடி பாதியாகக் குறையும். 160 இல் மூன்றிலொன்றாகும். 320 இல் ஐந்திலொன்றாகும் என ஆடுவோர் அளந்து கண்டிருக்கின்றனர். முதல் 80 பாதி அடியைக் குறைக்க, 240 இலிருந்து 320 க்கு ஏற்றும் அதே 80 அடியை நான்கிலொன்றிலிருந்து ஐந்திலொன்றுக்கே இறக்குகின்றது. எனவே தொடக்கத்திற் கவசமணிகளைச் செலவிட்டுக் காப்பை ஏற்றுதல் பெரும்பயன் தரும். பின்னர் அதனிலும் பார்க்கக் கவசம் தருந் திறன்களே முக்கியமாகும். உயிரின் அளவைக் கூட்டுந் திறன் 15, 30, 50 என மூன்று படியால் ஏறும். விலங்கின் கர்ச்சனைக்குச் செவி பொத்தி நில்லாமற் காக்குந் திறனும் உண்டு. தொடக்கத்தவர் தாக்குவலியைக் கூட்டுந் திறன்களையே தேடுகின்றனர். வீழ்ந்து கிடப்பவனின் வாள் எவ்வளவு வலியதாயினும் என்ன பயன்?

இதுவரை கூறியது தனியொருவனைப் பற்றியது. கூட்டு வேட்டையில் வேறொரு பொறுப்பும் வருகின்றது. வீழ்ந்த வேட்டைக்காரனைப் பூனைகள் வண்டிலில் ஏற்றிப் பாசறைக்குக் கொண்டுவரும். பெரும்பாலான வேட்டைகளில் இவ்வாறு மூன்றுமுறை நிகழ்ந்தால் வேட்டை தோல்வியாகும். ஆளுக்கு மூன்றன்று, நால்வருக்குஞ் சேர்த்தே மூன்று. தீக்காப்பில்லாத கவசத்தோடு அஞ்சநாத்தின் முன் ஒருவர் மும்முறை வீழ்ந்தால், மற்ற மூவரும் அரைமணி நேரம் பட்ட பாடு வீணாகும். தம் கவசம் தம் சொந்த விருப்பம் என்று எவருங் கூறமுடியாது.

ஆயுதமும் அப்படியே. சம்மட்டிக்காரன் தலையை அடித்து விலங்கைத் தலைசுற்றி விழச்செய்வான். வாலை அறுக்க அவனால் முடியாது. வாளேந்தியவன் வாலை நாடவேண்டும். நெடுவாளை வீசுபவன் தலைக்குப் போய் நின்றால், அவன் வீச்சிற்பட்டுச் சம்மட்டிக்காரன் இடறுவான். இடறாமற் காக்குந் திறன் ஒன்று உண்டெனினும், விலகி நிற்பதே முதற் பண்பு. வேட்டைக் கொம்பு ஊதுபவனின் இசை நால்வருக்கும் வலியூட்டும். தான் அருந்தும் மருந்தின் பயன் அருகிலுள்ளோர்க்கும் போய்ச்சேரச் செய்யுந் திறனும் உண்டு. கைத்திறன் குறைந்த புதியவர்கூட அதனால் ஒரு கூட்டத்தைக் காக்கலாம். விலங்கு உறங்கும்போது விழும் முதலடி மிகுந்த சேதம் விளைக்கும். ஆதலால் அவ்வடியைப் பெருவாள்காரனுக்கு விட்டு மற்றையோர் கைகட்டி நிற்றல் வழக்கம். அவ்வாறு நிற்கத் தெரிவதும் ஒரு தேர்ச்சியே.

இனி நாம் முக்கியமாகக் கூறவந்ததைக் கூறுவோம். 'ஐஸ்போண்' வந்தபின் கப்கொம் நிறுவனம் 'கார்டியன்' என்னுங் கவசத்தையும், 'டிபென்டர்' என்னும் ஆயுத வரிசையையும் தொடக்கத்தவருக்கு எளிதிற் கிடைக்கச் செய்தது. புதியவர்கள் பழைய கதையை விரைந்து முடித்து, விரிவிலே நண்பரோடு சேரவேண்டும் என்பதே நோக்கம். நோக்கம் நல்லதே, முன்னரே ஆடித் தேர்ந்து, மீண்டுந் தொடங்குபவருக்கு அவை தக்க உதவி. முதன்முதல் வருபவருக்கோ அவை கேடாய் முடியலாம். அஞ்சநாத்தின் பாய்ச்சலை அறியுமுன்னே அஞ்சநாத் வீழ்ந்துவிடும். விலகவுங் கல்லார், கூர்தீட்டவுங் கல்லார், பூதவலி பார்க்கவுங் கல்லார். பின்பு பனிநாட்டுப் பரியோத் எதிர்வரும்போது அக்கவசம் காவாது. கல்லாத கையும் காவாது. ஐம்பது மணிநேரம் ஆடியும் முதனாட் போல நிற்பார். பலர் அவ்விடத்தே விளையாட்டை விட்டொழிகின்றனர்.

இதே கேட்டைத் தேர்ந்தவர்களும் செய்வதுண்டு. புதிய தம்பி ஒருவன் உதவி கேட்டு ஒளிக்குண்டு எறிகின்றான். மூத்தவர் வந்து, தம் உயர்ந்த ஆயுதத்தால் மூன்று நிமிடத்தில் விலங்கை வீழ்த்திவிட்டு நன்றியும் பெற்றுச் செல்கின்றார். தம்பிக்குச் செதில் கிடைத்தது, பாடங் கிடைக்கவில்லை. மெய்யாய் உதவ விரும்புபவர் அவனுடைய தரத்துக்குரிய எளிய ஆயுதத்தோடு செல்வார்; மருந்து கொடுப்பார்; பொறி வைப்பார்; அவன் வாலை அறுக்க இடம்விட்டு நிற்பார். வேட்டை இருபது நிமிடமாகலாம். அடுத்த வேட்டைக்கு அவன் தனியே போவான்.

இளைஞர்களே! உங்களுக்கு நாம் கூறுவது: தொடக்க வாளையும் தோற்கவசத்தையும் இகழாதீர்கள். ஒரு விலங்கை வென்று, அதனாற் செய்த கருவியைக் கொண்டு அடுத்ததை வெல்லுங்கள். ஒரிடத்தில் தோற்றால், ஆயுதம் போதாதென்று கூறுமுன் எவ்வடியால் வீழ்ந்தோம் என்று பாருங்கள். பெரியோர்களே! பிள்ளை ஆடும்போது ஒருநாள் அருகே அமர்ந்து, "இந்த விலங்குக்கு ஏன் இந்தக் கவசம்?" என்று கேளுங்கள். அவன் காரணங் கூறுவானாயின் அவன் சிந்தித்தே ஆடுகின்றான். கூறமுடியாது விழித்தால், கண்டிப்பதற்கு முன் அக்கேள்வியையே மறுநாளுங் கேளுங்கள். அவனே விடை தேடத் தொடங்குவான்.