கைப்பேசிப் பாடமும் நம் பிள்ளைகளும்

(தாம்பரம் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மறுபடி பள்ளி வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். இடையில் பாடம் கைப்பேசியில் வந்தது. நம்மில் பலர் வீட்டில் இருப்பதோ ஒரே கைப்பேசி. அதுவும் தகப்பனாரோடு ஷிப்டுக்குப் போய்விடும்!

2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி உதவிற்று, மறுக்கவில்லை. ஆனால் பெட்டி பேசும். பிள்ளையின் சந்தேகத்துக்குப் பதில் சொல்லாது. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்ப வேண்டி வந்ததே, ஏன்? சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது.

கருவியே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். 2011இல் வந்த மடிக்கணினித் திட்டத்தால்தான் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் பலர் கணினியைத் தொட்டார்கள். அதை இலவசம் என்கிறார்கள்; சோப்புக்கட்டிக்கும் வரி கட்டுகிறவர்கள் நாம்!

அரசுப் பள்ளியிலேயே கணினி அறை வேண்டும், இணையம் வேண்டும், மாலையிலும் அதைத் திறந்துவைத்துச் சொல்லித்தர நிரந்தர ஆசிரியர் வேண்டும். படப்பைப் பக்கத்து விவசாயத் தொழிலாளர் தோழர்கள் மே 1 கிராமசபையில் இதை எழுதிக் கொடுக்கட்டும். தாம்பரம் மாநகராட்சிப் பகுதியில் நாம் வீடுவீடாகக் கையெழுத்து வாங்குவோம். ஞாயிறு காலை சானடோரியத்திலிருந்து புறப்படுகிறோம்.