கல்மரம் பார்த்து வந்தோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் மேல்மலையனூர் குழுவினர் பேசியது)



போன தை மாசம் நாங்க 14 பேர், மூணு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு, வேன் எடுத்து மூணு நாள் சுற்றுலா போனோம். தீர்மான நோட்டில் "கல்மரம் பார்க்க" என்று எழுதினதும் வீட்டுக்கு வீடு ஒரே சிரிப்பு. "கல்லைப் பார்க்கவா காசு கட்டுறீங்க, செஞ்சி மலையில இல்லாத கல்லா?" என்றார்கள். செஞ்சி மலை 250 கோடி ஆண்டுக்குக் கிட்டத்தட்ட பழையது. ஆனால் அது நெருப்பிலே வெந்து இறுகின பாறை. அதில் மரமோ சங்கோ கிடைக்காது. அதுக்கு மணலும் சேறும் படிந்த மண் வேணும்.

முதலில் திருவக்கரை. நம்ம மாவட்டம்தான், வானூர் பக்கம். பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மனைக் கும்பிட எத்தனையோ தடவை போயிருக்கோம். கோயிலுக்குக் கிட்டத்திலேயே 247 ஏக்கரில் தேசிய கல்மரப் பூங்கா இருப்பதை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. 1781இலேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் வந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார். நமக்குத்தான் இத்தனை நாள் ஆச்சு.

அங்கே அடிமரம் அடிமரமாகக் கிடக்கு. கணுவும் வளையமும் அப்படியே தெரியுது, தொட்டால் கல். இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தினவை. புளி, ஆமணக்கு இனங்களைச் சேர்ந்த மரங்களும் உண்டாம். கிளையும் வேரும் இல்லாததால் வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்திருக்கும் என்கிறார்கள். எலுமிச்சங்காய்க்குள் உப்புத் தண்ணி இறங்குகிற மாதிரி, மணற்சத்துக் கரைந்த தண்ணி மரத்துக்குள் இறங்கி, மக்குகிற இடத்தையெல்லாம் கல்லாக நிரப்பிவிட்டது. மரம் போய் மரத்தின் அச்சு நிற்கிறது.

அன்று ராத்திரி விழுப்புரத்தில் தங்கினோம். அங்கேதான் வினை. எங்களில் ஒரு அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கை அகலக் கல்மரத் துண்டை வெளியே எடுத்தாங்க. எட்டாவது படிக்கிற பேத்திக்குக் காட்டத்தான் எடுத்தாங்களாம். "அரசாங்க இடத்துல எடுக்கலாமா?" என்று சிலர் சத்தம் போட, "அவ்வளவு கிடக்கு, ஒண்ணுல என்ன?" என்று சிலர் பேச, சாப்பிடாமலே படுத்தவர்களும் உண்டு.

மறுநாள் உளுந்தூர்பேட்டை வழியாகப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர். அங்கே ஒரே ஒரு மரம், 18 மீட்டர் நீளம். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. 12 கோடி ஆண்டு என்று அரசுக் குறிப்பு சொல்கிறது. அப்போது அந்தப் பக்கமெல்லாம் கடல். பக்கத்தில் காரை ஓடைப் பள்ளங்களில் துப்பாக்கித் தோட்டா மாதிரிக் கிடப்பது, கணவாய் மீனுக்குச் சொந்தமான ஒரு பழைய கடல் உயிரின் உள்ஓடாம். வெயில் தாங்க முடியவில்லை, அதிக நேரம் நிற்கவில்லை.

மூணாம் நாள் அரியலூர் வாரணவாசியில் அரசு புதைபடிம அருங்காட்சியகம். சாளக்கிராமம் பூஜையில் பார்த்திருப்பீங்க. அதே மாதிரி சுருள் சுருளான கல், அம்மோனைட் என்று பேர். 6.6 கோடி ஆண்டுக்கு முன்னால் டைனோசரோடு சேர்ந்து அழிந்த இனம். அந்தக் கடலின் கிளிஞ்சலும் சுண்ணாம்பும் படிந்த பாறையைத்தான் அரியலூர் சிமெண்ட் ஆலைகள் தோண்டுகின்றன. அதைக் கேட்டதும், போன வருஷம் வீடு கட்டி இன்னும் கடன் அடைக்கிற எங்கள் பிரதிநிதி, "அப்ப நான் கட்டினது நத்தை வீடா!" என்றார்கள்.

அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. காட்சிக் கல்லைப் பார்த்து, "இது எந்த ஊர்ல, எந்த அடுக்குல கிடைச்சதுன்னு தெரிஞ்சாத்தானே கணக்குச் சொல்ல முடியும்? என் முந்தியில இருக்கிறது எந்த மரத்தோடது? எனக்கே தெரியலையே" என்றார்கள். திரும்பும்போது வேனைத் திருவக்கரைக்கு விடச் சொன்னோம். கூடுதல் கிலோமீட்டர் காசை எல்லாரும் பங்கு போட்டோம். காவலரிடம் கல்லைக் கொடுத்தபோது அக்காவுக்குக் கை நடுங்கியது. அவர் திட்டவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்லணும். 2020இல் பெரம்பலூர் குன்னத்தில் ஏரி மண் எடுத்தபோது உருண்டைக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. வல்லுநர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட் இருந்த கடல் படிவில் உருண்ட கற்கள் என்றார்கள். ஏரியிலும் வாய்க்காலிலும் மண்வெட்டி பிடிப்பது பெரும்பாலும் நாமதான். வானூர் பக்கக் குழுக்கள் இப்படி ஏதாவது பார்த்தால் உடைக்காமல், வீட்டுக்கும் கொண்டு போகாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்க.

அடுத்த வேனுக்கு இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்காங்க. பௌர்ணமியும் அமாவாசையும் வேண்டாம். பௌர்ணமிக்குத் திருவக்கரையில் கூட்டம், அமாவாசைக்கு நம்ம ஊரில் கடை போடணும். குடிதண்ணியும் தொப்பியும் கட்டாயம். அந்த அக்கா பேத்தியோடு மறுபடியும் வர்றாங்க.